ஈசல் இழிவான உணவா?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., விலங்கியல் மாணவி)

“புற்றீசல் போலப் புறப்பட்டனர்” என்று பெருங்கூட்டத்தைப் பற்றி எழுதுகிறோம். “ஈசலின் வாழ்வு ஒரு நாள்” என்று நிலையாமையைப் பற்றிப் பேசுகிறோம். உவமைக்கு இத்துணைப் பயன்படும் ஈசலை உணவு என்று சொன்னால் மட்டும் நம்மில் பலர் முகம் சுளிக்கின்றனர். ஆயினும் தமிழ்நாட்டின் வடமாவட்டங்களில் மானாவாரி நிலத்தை நம்பி வாழும் சிற்றூர்களில், மழைக்குப் பின் ஈசல் வறுக்கும் மணம் இன்றும் முற்றிலும் மறைந்துவிடவில்லை.

2013ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம், உண்ணத்தக்க பூச்சிகளைப் பற்றி விரிவான அறிக்கை ஒன்றை வெளியிட்டது. உலகில் ஏறத்தாழ 200 கோடி மக்களின் வழக்கமான உணவில் பூச்சிகளுக்கு இடம் உண்டு என்றும், 1,900க்கும் மேற்பட்ட பூச்சி இனங்கள் உணவாகப் பயன்படுகின்றன என்றும் அது மதிப்பிட்டது. அதன் பின்னர், பூச்சி உணவே வருங்கால உணவு என்ற பேச்சு எங்கும் எழுந்தது. 2021இல் ஐரோப்பிய ஒன்றியம் உலர்த்திய மஞ்சள் மாவுப்புழுவை மனித உணவாக விற்க ஒப்புதல் தந்தது. 2024இல் சிங்கப்பூர் அரசு 16 வகைப் பூச்சிகளுக்கு அனுமதி வழங்கியது.

மேல்நாட்டில் பொட்டலத்தில் அடைத்து விற்றால் ‘வருங்கால உணவு’. நம் வீட்டு முறத்தில் கிடந்தால் ‘இழிந்த உணவு’. இது சரிதானா? ஈசல் என்பது யாது, அது உண்ணத்தக்கதா, உலகின் உணவுச் சிக்கலுக்கு அது விடையாகுமா என்ற மூன்று வினாக்களையும் ஒவ்வொன்றாகக் காண்போம்.

ஈசல் என்பது யாது?

ஈசல் தனியொரு பூச்சி இனமன்று. சிறகு முளைத்த கரையானே ஈசல். கரையானை ‘வெள்ளை எறும்பு’ என்று சொல்லும் வழக்கம் உண்டு. ஆனால் அது எறும்பும் அன்று. எறும்புக்கு இடை மெலிந்திருக்கும். உணர்கொம்பு முழங்கை போல மடிந்திருக்கும். கரையானுக்கு இடை சுருங்குவதில்லை. உணர்கொம்பு மணி கோத்தாற்போல் இருக்கும். ஈசலின் நான்கு சிறகுகளும் ஏறத்தாழ ஒரே அளவின. பறக்கும் எறும்புக்கோ முன்சிறகு பெரிது, பின்சிறகு சிறிது. பழைய பாடநூல்கள் கரையானை ஐசாப்டிரா என்னும் தனி வரிசையில் வைத்தன. மரபணு ஆய்வுகளுக்குப் பின், கரப்பான் பூச்சிகள் அடங்கிய பிளாட்டோடியா வரிசைக்குள்ளேயே கரையானும் அடங்கும் என்பது இன்று ஏற்கப்பட்ட கருத்தாகும்.

ஒரு புற்றுக்குள் அரசன், அரசி, தொழிலாளிகள், காவலர்கள் எனப் பல பிரிவினர் உள்ளனர். நம் நிலங்களில் மண்மேடு கட்டி வாழும் ஓடோன்டோடெர்மிஸ் பேரினத்துக் கரையான்கள் சிறந்த உழவர்கள். பட்ட மரத்தையும் சருகையும் தின்று, அந்தக் கழிவைக் கொண்டு புற்றுக்குள் தேன்கூடு போன்ற தோட்டம் அமைத்து, அதில் பூஞ்சை வளர்க்கின்றன. மழைக்குப் பின் புற்றின் மேல் முளைக்கும் சுவை மிகுந்த புற்றுக்காளான் இந்தப் பூஞ்சையின் பழவுடலே ஆகும். செல்லரித்த கதவைக் கண்டு கரையானை நாம் பகைக்கிறோம். ஆனால் காட்டிலும் மேட்டிலும் சருகை மண்ணாக்குவதும், மண்ணைக் கிளறிக் காற்றும் நீரும் இறங்க வழி செய்வதும் அதே கரையான்தான்.

மழைக்குப் பின் பறப்பது ஏன்?

புற்று முதிர்ந்ததும் அதில் ஒரு பகுதி இளங்கரையான்கள் சிறகும் கண்ணும் பெற்று ஈசல்களாகின்றன. அவை உடனே வெளிவருவதில்லை. தக்க பொழுதுக்காகக் காத்திருக்கின்றன. மழை பெய்து, மண் நனைந்து, காற்று அடங்கி, புழுக்கம் மிகும் வேளையில் தொழிலாளிகள் புற்றில் வாயில் திறக்கின்றன. காவலர்கள் காத்து நிற்க, ஈசல்கள் புறப்படுகின்றன. அக்கம் பக்கத்துப் புற்றுகள் பலவும் ஒரே வேளையில் இவ்வாறு திறப்பதால், ஒரு குடும்பத்து ஆண் வேறொரு குடும்பத்துப் பெண்ணைச் சேர வாய்ப்புக் கிடைக்கிறது.

சிறிது தூரமே பறந்து தரையில் இறங்கும் ஈசல் தன் சிறகை உதிர்த்துவிடுகிறது. பெண் முன்னே செல்ல ஆண் அதன் பின்னே ஓடுகிறது. இரண்டும் சேர்ந்து ஈரமண்ணைக் குடைந்து ஒரு சிற்றறை அமைக்கின்றன. வறண்ட மண்ணில் இது இயலாது. மழைக்குக் காத்திருந்ததன் காரணம் இதுவே. முதல் குஞ்சுகள் வளர்ந்து இரை தேடும் வரையில் அந்த இணைக்கு வெளியிலிருந்து உணவு கிடையாது. தம் உடலில் சேர்த்து வைத்த கொழுப்பையும், இனிப் பயன்படாத சிறகுத் தசையையும் கரைத்தே அவை வாழ வேண்டும். வறுத்த ஈசல் எண்ணெய் ஊற்றாமலே பளபளப்பதற்கும், நாவுக்கு இனிப்பதற்கும் காரணம் இந்தக் கட்டுச்சோறுதான்.

“ஒரு நாள் வாழ்வு” என்பதும் அரை உண்மையே. பறவை, பல்லி, தவளை, எறும்பு ஆகியவற்றுக்கு இரையாகி மிகப் பெரும்பாலான ஈசல்கள் அன்றே மடிகின்றன. ஆனால் தப்பிப் பிழைத்து அரசியாகும் பெண் ஈசல் பல ஆண்டுகள் வாழ்ந்து புற்றை ஆள்கிறது.

இதிலிருந்து நாம் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. வெளியே பறந்த ஈசலைப் பிடிப்பதால் புற்று அழிவதில்லை. அரசியும் தொழிலாளிகளும் உள்ளே இருக்கின்றன. அடுத்த ஆண்டும் ஈசல் வரும். ஈசல் பிடிப்பது மரத்தில் பழம் பறிப்பதைப் போன்றது. புற்றை இடிப்பதோ மரத்தையே வெட்டுவதற்கு ஒப்பாகும்.

பழந்தமிழர் உணவில் ஈசல்

ஈசல் உண்பது நேற்று வந்த பழக்கமன்று. சங்க நூல்களில் இது ‘ஈயல்’ என்று வழங்கப்பட்டுள்ளது. புறநானூற்றின் 119ஆம் பாடலில், பாரியை இழந்த பறம்பு நாட்டை நினைந்து வருந்தும் கபிலர், அந்நாட்டின் பழைய வளத்தைச் சொல்லும்போது, கார்கால மழைக்குப் பின் செம்புற்றில் கிடைத்த ஈயலை மோரோடு சேர்த்துப் புளிப்பாகச் சமைத்த உணவைக் குறிப்பிடுகிறார். அகநானூற்றின் 394ஆம் பாடலில், வரகரிசியோடு ஆட்டுத் தயிரும் ஈயலும் சேர்த்து ஆக்கிய புளிச்சோறு, வெண்ணெய் உருக, தலைவனோடு வரும் இளைஞர்களுக்கு விருந்தாகப் படைக்கப்படுகிறது.

இவ்விரு பாடல்களிலும் ஈசல் பஞ்சத்து உணவாகச் சொல்லப்படவில்லை என்பது கருதத்தக்கது. ஒன்றில் அது நாட்டு வளத்தின் அடையாளம். மற்றொன்றில் விருந்தோம்பலின் அடையாளம். தமிழ் இலக்கியம் பயிலும் நண்பர்கள் இப்பாடல்களைப் படித்துப் பாராட்டுகின்றனர். அதே உணவை இன்று உண்பவரைக் கண்டு நகைப்பது எவ்வகையில் பொருந்தும்?

பிடிக்கும் முறையும் பக்குவமும்

என் தாயார் பள்ளிக்கூடத்தில் கால் வைத்தவரல்லர். கடலைக்காட்டில் களையெடுத்துப் பழகிய கைகள் அவருடையவை. ஆனால் பகல் முழுதும் இறுக்கமாக இருந்து மாலையில் மழை கொட்டி ஓய்ந்தால், “இன்றைக்கு ஈசல் புறப்படும், சட்டியை எடுத்து வையடி” என்பார். பெரும்பாலும் அவர் சொன்னபடியே நடக்கும். வெப்பம், ஈரப்பதம், காற்றின் அமைதி என்று நான் வகுப்பில் எழுதிக்கொண்ட காரணங்களையே அவர் “இறுக்கம்” என்ற ஒரு சொல்லில் அடக்கி வைத்திருந்தார்.

பிடிக்கும் முறை எளியது. புற்றின் வாய்க்கு அருகே சிறு குழி வெட்டி, அதில் தண்ணீர் ஊற்றிய அகன்ற சட்டியை வைத்து, அதன் மேல் விளக்கு ஒன்றைத் தூக்கிப் பிடிப்பார்கள். ஒளியை நாடி வரும் ஈசல்கள் தண்ணீரில் விழும். அவற்றை அள்ளி, நீரை வடித்து, வெயிலில் உலர்த்தினால் சிறகுகள் தாமே கழன்றுவிடும். பிறகு முறத்தில் இட்டுப் புடைத்தால் சிறகு பறந்து, ஈசல் நிற்கும். வெறும் சட்டியில் பொன்னிறமாக வறுத்து, வறுத்த அரிசி, பொட்டுக்கடலை, வேர்க்கடலை, உப்பு, மிளகாய்த்தூள் சேர்த்துக் கலந்தால் மழைக்காலத் தின்பண்டம் ஆயத்தம். நன்றாக உலர்த்தி வறுத்தது சில நாட்களுக்குக் கெடாது.

“பிள்ளைகளுக்கு ஒரு கைப்பிடிக்கு மேல் கொடுக்காதே, வயிறு பொருமும்” என்பதும் தாயார் சொல்வதே. கொழுப்பு மிகுந்த பொருளை அளவோடு உண்ண வேண்டும் என்பது உணவியல் கூறும் விதிதானே!

ஈசலில் உள்ள சத்து

மேற்சொன்ன 2013ஆம் ஆண்டு அறிக்கையின்படி, உலர்த்தாத 100 கிராம் வளர்ந்த கரையானில் 13 முதல் 28 கிராம் வரை புரதம் உள்ளது. 100 கிராம் மாட்டிறைச்சியில் உள்ள புரதம் 19 முதல் 26 கிராம். கரையானின் இனத்துக்கும் பருவத்துக்கும் ஏற்ப இந்த அளவு மிகுதியும் மாறும். ஆகவே இறைச்சியைவிட ஈசல் உயர்ந்தது என்று மார்தட்ட வேண்டியதில்லை. இறைச்சிக்கு அருகில் வைத்து எண்ணத்தக்கது என்று சொன்னால் போதும். இதனோடு கொழுப்பும், இரும்பு, துத்தநாகம் முதலிய தாதுக்களும் உண்டு. சோற்றையும் கூழையுமே பெரிதும் நம்பியிருந்த குடும்பங்களுக்கு, காசில்லாமல் கிடைத்த இந்தப் புரதம் சிறிய உதவியன்று.

தீவனக் கணக்கு

இனி, பூச்சியை வருங்கால உணவு என்று அறிஞர் சிலர் கூறுவதன் காரணத்தைப் பார்ப்போம். இது ஒரு சிறு கணக்கு.

ஒரு கிலோ உயிர் எடை கூடுவதற்கு மாட்டுக்கு ஏறத்தாழ 10 கிலோ தீவனமும், பன்றிக்கு 5 கிலோவும், கோழிக்கு 2.5 கிலோவும், வீட்டுச் சில்வண்டு எனப்படும் பூச்சிக்கு 1.7 கிலோவும் தேவை என்று அந்த அறிக்கை கூறுகிறது. ஆனால் உயிர் எடை முழுவதும் உணவாவதில்லை. மாட்டில் 40 விழுக்காடும், பன்றியிலும் கோழியிலும் 55 விழுக்காடும், சில்வண்டில் 80 விழுக்காடும் உண்ணத்தக்க பகுதியாகும். எனவே ஒரு கிலோ உண்ணத்தக்க உணவைப் பெறச் செலவாகும் தீவனத்தை வகுத்துப் பார்த்தால், மாட்டுக்கு 25 கிலோ, பன்றிக்கு 9 கிலோ, கோழிக்கு 4.5 கிலோ, சில்வண்டுக்கு 2.1 கிலோ என்று விடை வருகிறது.

இந்த வேறுபாடு எதனால்? மாடும் கோழியும் வெப்ப இரத்த உயிரிகள். உண்ட உணவில் பெரும்பங்கை உடல் வெப்பத்தைக் காக்கவே அவை செலவிடுகின்றன. பூச்சியின் உடல் வெப்பம் சூழலுக்கு ஏற்ப மாறுவதால் அந்தச் செலவு அதற்கில்லை.

கணக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதை வாய்பாடு போல எல்லா இடத்துக்கும் பொருத்தக்கூடாது. தாய்லாந்தில் ஏறத்தாழ 20,000 சில்வண்டுப் பண்ணைகள் நடப்பதாக அதே அறிக்கை கூறியது. அங்கே வெயில் இலவசம். உண்ணும் பழக்கமும் பழையது. குளிர்நாட்டிலோ பூச்சிக்கூடத்தை எந்நேரமும் சூடாக வைத்திருக்க வேண்டும். அதற்கு மின்சாரம் வேண்டும். பிரான்சு நாட்டில் பெரும் முதலீட்டில் மாவுப்புழு வளர்த்த ஓர் ஆலை நிறுவனம், பணநெருக்கடியால் 2024இல் நீதிமன்றப் பாதுகாப்பை நாட நேர்ந்தது. தானியத்தைத் தின்று வளரும் பூச்சியைவிட, நாம் உண்ணாத சருகைத் தின்று வளரும் பூச்சி இன்னும் சிக்கனமானது என்பதையும் மறக்கலாகாது.

ஈசலைப் பண்ணையில் வளர்க்க இயலுமா? இன்றைய நிலையில் இயலாது என்றே கூற வேண்டும். அது ஆண்டில் சில மாலைகளில் மட்டும் கிடைக்கும் விளைச்சல். நாட்டின் பசியை ஈசல் தீர்த்துவிடும் என்று சொல்வது மிகையாகும். பலாவும் நாவலும் பருவத்துக்கு வருவது போல, பருவத்தில் வந்து போகும் துணை உணவு அது.

நம் நாட்டில் ஏனைய பூச்சி உணவுகள்

ஈசலோடு நின்றுவிடவில்லை நம் நாட்டின் வழக்கம். அசாமில் எரி பட்டுப்புழுவின் கூட்டுப்புழுவை விரும்பி உண்கின்றனர். நாகாலாந்திலும் மணிப்பூரிலும் பலவகைப் பூச்சிகள் சந்தையில் விற்பனையாகின்றன. ஒடிசாவின் மயூர்பஞ்ச் மாவட்டப் பழங்குடியினர் செவ்வெறும்பைப் பிடித்து உப்பு, மிளகாய், பூண்டு, இஞ்சி சேர்த்து அரைக்கும் துவையலுக்கு 2024ஆம் ஆண்டு சனவரியில் புவிசார் குறியீடு கிடைத்தது. காஞ்சிபுரம் பட்டுக்கும் மதுரை மல்லிகைக்கும் கிடைத்த அதே மதிப்பு எறும்புத் துவையலுக்கும் கிடைத்திருக்கிறது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

இக்கட்டுரையைப் படித்துவிட்டு எந்தப் பூச்சியையும் பிடித்து உண்ணலாம் என்று யாரும் கருதிவிடக்கூடாது. நச்சுடைய பூச்சிகள் பல உண்டு. மூத்தோர் வழிவழியாக உண்டு அறிந்தவை மட்டுமே உண்ணத்தக்கவை.

இறால், நண்டு உண்டால் உடல் தடிப்பவர்கள் ஈசலையும் தவிர்க்க வேண்டும். ஒவ்வாமையை உண்டாக்கும் டிரோப்போமையோசின் என்னும் புரதம் இவ்வுயிர்கள் எல்லாவற்றிலும் ஒத்த வடிவில் உள்ளது.

மருந்து தெளித்த நிலத்து ஈசலை உண்ணலாகாது. கரையானைக் கொல்லப் பயன்பட்ட பி.எச்.சி. தூள் இந்தியாவில் 1997இல் தடை செய்யப்பட்டது. ஆனால் குளோர்பைரிபாஸ் முதலிய வேறு மருந்துகள் வயலிலும் வீட்டு அடித்தளத்திலும் ஊற்றப்படுகின்றன. 2020இல் வடமாநிலங்களில் பாலைவன வெட்டுக்கிளிகள் படையெடுத்தபோது அவற்றின் மீது மருந்து தெளிக்கப்பட்டது. அவ்வாறு மருந்து பட்டு விழுந்தவை உணவுக்கோ தீவனத்துக்கோ ஆகா. ஆக, ஒரு மருந்து பூச்சியை மட்டும் கொல்வதில்லை; அந்தப் பூச்சி தந்திருக்கக்கூடிய உணவையும் கெடுத்துவிடுகிறது.

புற்றுகளும் குறைந்து வருகின்றன. மேட்டு நிலங்கள் வீட்டுமனைகளாகப் பிரிக்கப்படும்போது முதலில் இடிபடுவது புற்றுதான். எஞ்சிய புற்றிலிருந்து புறப்படும் ஈசல்கள் சாலை விளக்கை நாடிச் சென்று வண்டிச் சக்கரத்தில் நசுங்குகின்றன. முறத்துக்கும் வராமல், மண்ணுக்கும் போகாமல் வீணாகும் உயிர்கள் அவை.

அருவருப்பு எங்கிருந்து வந்தது?

இறாலைக் கண்டால் நாவில் நீர் ஊறுகிறது. ஈசலைக் கண்டால் முகம் சுளிக்கிறது. விலங்கியலின்படி இறால், நண்டு, ஈசல் மூன்றும் கணுக்காலிகள் என்னும் ஒரே தொகுதியைச் சேர்ந்தவை. மூன்றுக்கும் கைட்டின் ஓடு உண்டு. மூன்றுக்கும் கணுக்கள் அமைந்த கால்கள் உண்டு. ஓட்டுடலிகளின் மரபில் கிளைத்தவையே பூச்சிகள் என்று அண்மைக்கால ஆய்வுகள் காட்டுகின்றன. தேனீ தன் வயிற்றில் கொண்டுவந்து கக்கிச் சேர்த்த தேனை அமுதம் என்கிறோம். அரக்குப்பூச்சி சுரந்த அரக்கால் மெருகேற்றிய மிட்டாயைச் சுவைக்கிறோம். ஆகவே அருவருப்பு பூச்சியில் இல்லை. அதை யார் உண்கிறார் என்பதில் இருக்கிறது.

இருளர் முதலிய பழங்குடி மக்களும், கூலி வேலை செய்யும் ஏழை மக்களும் உண்பதனால் ஈசல் தாழ்ந்ததாயிற்று. பணம் படைத்தோர் உண்டிருப்பின் அதுவும் விருந்து மண்டபத்தில் பரிமாறப்பட்டிருக்கும். உணவின் பேரால் மனிதரைத் தாழ்த்தும் இவ்வழக்கத்தை அறிவியல் படிப்போர் ஏற்கலாகாது. உண்ண விருப்பமில்லாதவர் உண்ண வேண்டா. உண்ணாமை அவரவர் உரிமை. ஆனால் உண்பவரை இகழும் உரிமை எவருக்கும் இல்லை.

முடிவுரை

மேற்கூறியவற்றால் ஈசல் இழிந்த உணவன்று என்பதும், அதுவே உலகப் பசிக்கு மருந்தும் அன்று என்பதும் விளங்கும். புற்றை இடிக்காமல், நஞ்சு தெளிக்காமல், வந்ததை அளவோடு எடுத்து, வீணாக்காமல் உண்ட நம் மூத்தோரின் முறையில் அறிவு இருக்கிறது. அறிஞர்கள் இன்று பெரிய சொற்களால் கூறும் வளங்குன்றா வாழ்வு என்பதன் சாரம் அந்த முறைக்குள் அடங்கியிருக்கிறது.

நம் கல்லூரியில் பயில்வோரில் பலர், வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவர்கள். நம் பெற்றோர் எழுதி வைக்கவில்லை. ஆனால் அறிந்து வைத்திருக்கிறார்கள். அவர்களோடு அந்த அறிவு மறைந்துவிட்டால் எந்த நூலகத்திலும் அதைத் தேடிப் பெற முடியாது. எனவே மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். வரும் மழைக்காலத்தில் உங்கள் ஊரில் ஈசல் புறப்படும் நாளையும் வேளையையும், அன்று பெய்த மழையையும், எந்த வகைப் புற்றிலிருந்து எழுந்தது என்பதையும், வீட்டிலுள்ள மூத்தோர் அதைப் பற்றிச் சொல்வதையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். நான்கு ஊர்க் குறிப்புகள் சேர்ந்தாலும் நம் விலங்கியல் துறைக்கு அது ஒரு நல்ல தொடக்கமாக அமையும். நம் துறைப் பேராசிரியர்கள் அதற்கு வழிகாட்டுவார்கள் என்று நம்புகிறேன்.